ஸ்கேப்கோட்டை எப்போது திறப்பது: கோட் ஃபார்மேட் ஆடும் ஒரு தம்பிக்கு

குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு வந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: யூ-கி-ஓ என்ற கார்டு ஆட்டத்தின் பழைய கோட் ஃபார்மேட்டில் பலரும் ஆடும் கோட் கண்ட்ரோல் டெக்கை (கார்டுக் கட்டை)ப் பார்த்துக் கட்டினாராம். ஹாஸ்டல் நண்பர் வாரியர் வகை மான்ஸ்டர்கள் நிறைந்த டெக் வைத்து ஆடுகிறார். பத்து ஆட்டத்தில் எட்டு நண்பருக்கே போகிறது. டெக்கை மாற்றுவதா, ஆடும் விதத்தை மாற்றுவதா என்பது கேள்வி. டெக் பட்டியலையும், தோற்ற இரண்டு ஆட்டங்கள் எப்படிப் போயின என்பதையும் எழுதியிருக்கிறார்.

தம்பி, பட்டியலில் மூன்று கார்டுதான் எனக்கு உறுத்துகிறது. அதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் தோற்பது டெக்கால் அல்ல, ஸ்கேப்கோட்டைத் திறக்கும் நேரத்தால்.

இந்த ஃபார்மேட் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எந்தக் கார்டு கூடாது, எது எத்தனை வைக்கலாம் என்று சொல்லும் தடைப் பட்டியல்களில் 2005 ஏப்ரலில் வந்ததை வைத்து, அந்த ஆண்டு கோடை வரை வெளிவந்த கார்டுகளை மட்டும் கொண்டு ஆடுவது கோட் ஃபார்மேட். ஆகஸ்டில் சைபர் டிராகன் வந்தது. எதிராளியிடம் மான்ஸ்டர் இருந்து நம்மிடம் இல்லாவிட்டால் செலவே இல்லாமல் 2100 பலத்தோடு இறங்கிவிடும் கார்டு அது. அடுத்து அக்டோபரில் பட்டியலும் மாறியது. இரண்டும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன. இடைப்பட்ட அந்தச் சில மாத ஆட்டத்தை இத்தனை ஆண்டு கழித்தும் உலகம் முழுக்க ஆடுகிறார்கள். ஸ்கேப்கோட் என்ற கார்டு இல்லாத டெக் அப்போது அபூர்வம் என்பதால் இந்தப் பெயர். அதே 2005-இல் வேலூரில் என் பள்ளிக்கு எதிரே இருந்த ஃபேன்ஸி ஸ்டோரில் நகல் கார்டுகளைப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கியவன் நான். விதி எதுவும் தெரியாது. படத்தில் எது பெரிதோ அது ஜெயிக்கும், அவ்வளவுதான். இந்த ஃபார்மேட்டை நிஜமாகக் கற்றுக்கொண்டது இணையத்தில் ஆடும் டூயலிங்புக் தளத்தில், பல ஆண்டு கழித்து. கற்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது வேறொரு ஆட்டம்.

ஒடுகத்தூரில் என் பாட்டி வீட்டுத் திண்ணையில் கரிக்கட்டியால் கட்டம் கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடுவோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டால் புலியை வெட்டவே முடியாது. நகர வழியில்லாமல் புலியை அடைத்தால்தான் ஆட்டுக்கு ஜெயம். புதிதாக ஆடுபவர்கள் ஆட்டை எடுத்தால் புலிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைப்பார்கள். பாட்டி ஓரத்திலிருந்து வைத்துக்கொண்டே வருவார். ஏழெட்டு ஆடு இறங்கும் வரை அவர் எதுவும் செய்யாததுபோலத் தெரியும். அப்புறம் பார்த்தால் புலிக்குப் போக இடம் இருக்காது. கோட் கண்ட்ரோலும் அப்படித்தான். ஆட்டால் அடிக்க முடியாது. அடைப்பதற்கு வேண்டிய நேரத்தை அது வாங்கித் தரும்.

ஸ்கேப்கோட் என்ன செய்கிறது என்று சரியாகப் பார்ப்போம். க்விக்-ப்ளே ஸ்பெல், அதாவது கவிழ்த்து வைத்திருந்தால் எதிராளியின் டர்னிலும் திறக்கக்கூடிய ஸ்பெல். நான்கு செம்மறி டோக்கன்களை (கார்டு இல்லாத மான்ஸ்டர்களை)த் தற்காப்பு நிலையில் இறக்கும். லெவல் 1, தாக்குதல் 0, தற்காப்பு 0. திறந்த டர்னில் வேறு மான்ஸ்டரை சம்மன் செய்யக் (இறக்கக்) கூடாது, அதனால் பெரும்பாலும் எதிராளியின் டர்னில்தான் திறப்போம். மேசையில் இருப்பதைப் பலி கொடுத்துப் பெரிய மான்ஸ்டரை இறக்கும் ட்ரிப்யூட் சம்மனுக்கு இந்த டோக்கன்களைக் கொடுக்க முடியாது. ஆனால் மெட்டமார்ஃபோசிஸ் ஸ்பெல்லுக்குக் கொடுக்கலாம். அது பலியான மான்ஸ்டரின் லெவலிலேயே இருக்கும் ஒரு ஃப்யூஷன் மான்ஸ்டரைக் கொண்டுவரும். லெவல் 1-இல் வருவது தவுசண்ட்-ஐஸ் ரெஸ்ட்ரிக்ட். அது எதிராளியின் ஒரு மான்ஸ்டரை விழுங்கி அதன் பலத்தைத் தன் பலமாக்கிக்கொள்ளும். அது நிமிர்ந்திருக்கும் வரை இரண்டு பக்கத்திலும் வேறு எந்த மான்ஸ்டரும் தாக்கவோ நிலை மாறவோ முடியாது. புலியை அடைப்பது என்றால் இதைவிட வேறென்ன?

இப்போது உங்கள் முதல் ஆட்டத்துக்கு வருகிறேன். நண்பர் இரண்டாவது டர்னில் டி.டி. அசைலன்ட்டை இறக்கித் தாக்கினார். உங்களுக்கு 8000 லைஃப் பாயிண்ட் முழுதாக இருந்தது. 1700 அடியைத் தடுக்க உடனே ஸ்கேப்கோட்டைத் திறந்தீர்கள். கையில் மெட்டமார்ஃபோசிஸ் இல்லை. அடுத்த இரண்டு டர்னில் ஆடுகள் ஒவ்வொன்றாகப் போயின. உங்கள் ஐந்து மான்ஸ்டர் இடத்தில் நாலை அவை அடைத்துக்கொண்டிருந்ததால் நீங்களும் தாராளமாக ஆட முடியவில்லை. அந்த 1700-ஐ வாங்கியிருக்க வேண்டும். 8000-இல் 1700 போனால் 6300. இந்த ஃபார்மேட்டில் 6300-க்கும் 8000-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கையில் நான்கு கார்டுக்கும் ஐந்து கார்டுக்கும் வித்தியாசம் நிறைய.

அதே இடத்தில் டான் சலூக் தாக்கியிருந்தால் நான் வேறு மாதிரி சொல்வேன். அதன் பலம் 1400தான். ஆனால் அது அடித்தால் உங்கள் கையிலிருந்து கண்மூடித்தனமாக ஒரு கார்டு போகும். அங்கே லைஃப் பாயிண்ட்டோடு கார்டும் போகிறது, அதனால் ஸ்கேப்கோட்டைத் திறப்பது நியாயம். ஏர்நைட் பார்ஷத் தாக்கினால் மறுபடி கணக்கு தலைகீழ். அதன் பலம் 1900, தற்காப்பைத் துளைத்து அடிக்கும், அடி பட்டால் அவர் ஒரு கார்டு எடுப்பார். ஆட்டின் தற்காப்பு பூஜ்யம் என்பதால் ஆட்டை அடித்தாலும் 1900 முழுதாக உங்களுக்கு விழும், அவருக்குக் கார்டும் கிடைக்கும். அதன் முன்னால் ஆட்டை இறக்குவது புலி வாயில் வைப்பதுதான். எந்த மான்ஸ்டர், அது அடித்தால் என்ன போகும் என்று பார்த்த பிறகுதான் ஸ்கேப்கோட்டில் கை வைக்க வேண்டும்.

அவசரம் எதுவும் இல்லாதபோது ஸ்கேப்கோட்டுக்கு நல்ல நேரம் எதிராளியின் எண்ட் ஃபேஸ், அதாவது அவர் டர்னின் கடைசிக் கட்டம். தாக்குதல் முடிந்துவிட்டது, அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார். நான்கு ஆடும் முழுசாக உங்கள் டர்னுக்கு வரும். கையில் மெட்டமார்ஃபோசிஸ் இருந்தால் ஒன்றைக் கொடுத்துவிட்டு மூன்றைக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம். "அதற்குள் அவர் ஸ்கேப்கோட்டை உடைத்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். அவருடைய டர்னில் ஸ்பெல், ட்ராப் கார்டுகளை உடைக்கும் ஹெவி ஸ்டார்மோ மிஸ்டிகல் ஸ்பேஸ் டைஃபூனோ போட்டால் அதற்குச் செயினாக (உடனடிப் பதிலாக) ஸ்கேப்கோட்டைத் திறந்துகொள்ளுங்கள், நஷ்டம் இல்லை. பயப்பட வேண்டியது உங்கள் டர்னின் முடிவில்தான். செட் செய்த (கவிழ்த்து வைத்த) அதே டர்னில் க்விக்-ப்ளேயைத் திறக்க முடியாது. உங்கள் எண்ட் ஃபேஸில் அவர் டஸ்ட் டொர்னேடோ என்ற உடைக்கும் ட்ராப்பைத் திறந்தால் ஸ்கேப்கோட் சும்மா போய்விடும். அவர் முன்னால் பின்வரிசையில் ஒரு கார்டு ரொம்ப நாளாகத் திறக்காமல் கிடந்தால் அது டஸ்ட் டொர்னேடோவாக இருக்கலாம் என்று நினைத்து, முதலில் வேறு ஒரு கார்டை செட் செய்து பாருங்கள்.

அடுத்து கணக்கு. இந்த ஃபார்மேட்டை நான் ஒரு கணக்கு நோட்டாகத்தான் பார்க்கிறேன். நோபிள்மேன் ஆஃப் கிராஸ்அவுட் போட்டு ஒரு கவிழ்த்து வைத்த மான்ஸ்டரை நீக்கினால் ஒன்றுக்கு ஒன்று, சமம். பாட் ஆஃப் கிரீட் ஒன்று கொடுத்து இரண்டு எடுப்பது. டெலிங்க்வென்ட் டுவோ 1000 லைஃப் பாயிண்ட் கொடுத்து எதிராளி கையிலிருந்து இரண்டைக் கழிப்பது. கிரேஸ்ஃபுல் சாரிட்டி மூன்று எடுத்து இரண்டைக் கழிக்கச் சொல்கிறது. கழிப்பதில் ஒன்று சினிஸ்டர் சர்ப்பென்ட்டாக இருந்தால் உங்கள் அடுத்த டர்னின் தொடக்கத்தில், ஸ்டாண்ட்பை ஃபேஸில், அது கைக்குத் திரும்பிவிடும், அப்போது அதுவும் லாபக் கார்டு. இந்த மூன்று ஸ்பெல்லும் டெக்கில் ஒவ்வொன்றுதான். எல்லோரிடமும் இருக்கும். அதனால் அவை வந்த ஆட்டம் வராத ஆட்டம் என்பதை விதியிடம் விட்டுவிடலாம். நம் கையில் இருப்பது மற்ற முப்பத்தேழு கார்டும் சமத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது.

உங்கள் இரண்டாவது ஆட்டத்தில் நடந்தது இந்தக் கணக்கில் வந்த பிழை. ஆட்டைக் கொடுத்து மெட்டமார்ஃபோசிஸ் போட்டு, தன்னைப் பலி கொடுத்து ஒரு மான்ஸ்டரை அழிக்கும் நண்பரின் எக்சைல்ட் ஃபோர்ஸை விழுங்கப் போனீர்கள். அவர் அதைச் செயினாகப் பலி கொடுக்க முடியாது. அது அவர் டர்னில் மட்டும் வேலை செய்யும், அதனால் விழுங்கியது சரி. ஆனால் உங்கள் தவுசண்ட்-ஐஸ் 1000 பலத்தோடு நின்றது, கையில் வேறு ஒன்றும் இல்லை. அடுத்த டர்னில் எதிராளியின் மான்ஸ்டரைப் பிடுங்கும் ஸ்னாட்ச் ஸ்டீல் போட்டு அதையே தூக்கிக்கொண்டார். நீங்கள் இரண்டு கார்டைச் செலவழித்து ஒரு சாதாரண மான்ஸ்டரை நீக்கினீர்கள். அவர் ஒரே கார்டில் உங்கள் தவுசண்ட்-ஐஸையே எடுத்துக்கொண்டார்.

தவுசண்ட்-ஐஸை இறக்க இரண்டு நேரம்தான் எனக்குத் தெரிந்து நல்லது. ஒன்று, அவர் நிறையச் செலவழித்து ஒரு பெரிய மான்ஸ்டரை நிறுத்தியிருக்கும்போது. பிளாக் லஸ்டர் சோல்ஜரை விழுங்கி 3000 பலத்தோடு நிற்கும் தவுசண்ட்-ஐஸைப் பார்த்த எதிராளி முகம் வாடிப்போகும். மற்றது, உங்கள் கையில் சுகுயோமி இருக்கும்போது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த டெக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது.

சுகுயோமி ஸ்பிரிட் மான்ஸ்டர். சம்மன் ஆனதும் ஒரு நிமிர்ந்த மான்ஸ்டரைக் கவிழ்க்கும், டர்ன் முடிவில் உங்கள் கைக்கே திரும்பும். போன டர்னில் ஒன்றை விழுங்கிய தவுசண்ட்-ஐஸ் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகுயோமியை இறக்கி உங்கள் தவுசண்ட்-ஐஸையே கவிழ்க்கிறீர்கள். விழுங்கிய மான்ஸ்டர் கிரேவ்யார்டுக்கு, அதாவது தீர்ந்த கார்டுகள் போகும் குவியலுக்குப் போகிறது. கவிழ்ந்த தவுசண்ட்-ஐஸை நீங்களே திருப்பி (இதுதான் ஃப்ளிப் சம்மன்) நிமிர்த்தி, அவருடைய அடுத்த மான்ஸ்டரை விழுங்குகிறீர்கள். சுகுயோமி கைக்கு வருகிறது. ஒவ்வொரு டர்னும் அவருக்கு ஒரு மான்ஸ்டர் நஷ்டம், உங்களுக்கு ஒரு கார்டும் செலவில்லை. இறக்கிய டர்னிலேயே தவுசண்ட்-ஐஸை இப்படித் திருப்ப முடியாது, அடுத்த டர்னிலிருந்துதான். அந்த ஒரு டர்ன் அது தாக்குப்பிடிக்க வேண்டும், அதற்காகத்தான் மூன்று ஆடும் ஒரு செட் கார்டும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். வேறு மான்ஸ்டரோடு தாக்க வேண்டும் என்றாலும் இதே வழிதான். தவுசண்ட்-ஐஸ் நிமிர்ந்திருந்தால் உங்கள் பிளாக் லஸ்டர் சோல்ஜராலும் தாக்க முடியாது, அதைக் கவிழ்த்துவிட்டு அடியுங்கள்.

எதிராளியும் இதையே உங்களுக்குச் செய்வார். அவர் சுகுயோமியால் உங்கள் தவுசண்ட்-ஐஸைக் கவிழ்த்தால் அதன் தற்காப்பு பூஜ்யம், சுகுயோமியின் 1100-ஏ அதைக் கொல்லப் போதும். புக் ஆஃப் மூனாலும் கவிழ்க்கலாம்.

மேஜிஷியன் ஆஃப் ஃபெயித்தும் சுகுயோமியோடு சேரும். நிமிர்ந்தால் கிரேவ்யார்டிலிருந்து ஒரு ஸ்பெல்லைத் திரும்பக் கொண்டுவரும். சுகுயோமியால் கவிழ்த்து மறுபடி நிமிர்த்தினால் இன்னொரு ஸ்பெல். ஒரே ஆட்டத்தில் பாட் ஆஃப் கிரீட்டை மூன்று முறை போட்டிருக்கிறேன். ஆனால் வாரியர் டெக்குக்கு எதிராக மேஜிஷியனைக் கவிழ்த்து வைத்துக் காத்திருப்பது ஆபத்து. மிஸ்டிக் சுவார்ட்ஸ்மேன் எல்வி2 கவிழ்ந்த மான்ஸ்டரை நிமிர்த்தாமலேயே அழிக்கும், நிமிரும்போது வேலை செய்யும் ஃப்ளிப் எஃபெக்ட் நடக்காது. பிளேடு நைட் தனியாக நின்றால் தான் அடித்தழித்த ஃப்ளிப் மான்ஸ்டரின் எஃபெக்ட்டையும் நிறுத்திவிடும். நண்பர் டெக்கில் இவை இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அவரோடு ஆடும்போது மேஜிஷியனைக் கடைசி வரை கையில் வைத்திருங்கள். அவர் மேசை காலியாக இருக்கும் டர்னில் மட்டும் வையுங்கள்.

வாரியருக்கு எதிராக உங்கள் பெரிய ஆயுதம் ட்ரைப்-இன்ஃபெக்டிங் வைரஸ். ஒரு கார்டைக் கழித்து ஒரு வகையின் பெயரைச் சொன்னால் நிமிர்ந்திருக்கும் அந்த வகை எல்லாம் அழியும். "வாரியர்" என்று சொல்லிக் கழிக்க சினிஸ்டர் சர்ப்பென்ட் கையில் இருந்தால் அவருடைய மொத்த மேசையும் இலவசமாகப் போகும். ஒரே ஒரு வாரியர் நிற்கும்போது இதைப் போடாதீர்கள். இரண்டு மூன்று வரும் வரை அடி வாங்குங்கள். இதே வைரஸ் அவரிடமும் இருக்கும், "பீஸ்ட்" என்று சொன்னால் உங்கள் நான்கு ஆடும் ஒரே நொடியில் காலி என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அவர் கிரேவ்யார்டையும் பாருங்கள். ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் லைட், டார்க், எர்த் என்று ஒரு தன்மை உண்டு. பிளாக் லஸ்டர் சோல்ஜர் இறங்க ஒரு லைட், ஒரு டார்க் மான்ஸ்டர் கிரேவ்யார்டில் வேண்டும். வாரியர்களில் டி.டி. வாரியர் லேடியும் பிளேடு நைட்டும் லைட், டான் சலூக் டார்க். டி.டி. அசைலன்ட், எக்சைல்ட் ஃபோர்ஸ் இரண்டும் எர்த், அவை கணக்கில் சேராது. அவர் பக்கம் லைட்டும் டார்க்கும் சேர்ந்த டர்னிலிருந்து உங்கள் மேசையில் ஒன்றுக்கு மேல் நல்ல மான்ஸ்டர் நிற்க வேண்டாம். உங்கள் டெக்கிலும் அதே ஜோடி இருக்கிறது: மேஜிஷியன் லைட், சுகுயோமியும் சாங்கனும் டார்க்.

அந்தக் காலத்து ப்ரையாரிட்டி விதியையும் கற்றுக்கொள்ளுங்கள், புதிதாக ஆடுபவர்கள் இதில்தான் சண்டை போடுகிறார்கள். இன்று இல்லாத விதி இது. மான்ஸ்டரை சம்மன் செய்தவருக்கு, எதிராளி டொரென்ஷியல் ட்ரிப்யூட் போன்ற ட்ராப்பைத் திறப்பதற்கு முன்பே அந்த மான்ஸ்டரின் இக்னிஷன் எஃபெக்ட்டை, அதாவது சொந்த டர்னில் தானே விரும்பித் தொடங்கும் எஃபெக்ட்டைப் பயன்படுத்தும் உரிமை இருந்தது. எக்சைல்ட் ஃபோர்ஸை இறக்கியவர் உடனே அதைப் பலி கொடுத்து உங்கள் மான்ஸ்டரை அழிக்கலாம். பிளாக் லஸ்டர் சோல்ஜரும் இறங்கிய நொடியில் நீக்கிவிடும். உங்கள் ட்ராப் அதைத் தடுக்காது. ட்ராப்பை அதற்காக வைத்திருந்து ஏமாறாதீர்கள்.

மற்ற டெக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. தண்டர் டிராகனை வைத்து ஆடும் கேயாஸ் டெக் உங்கள் டெக்கைவிட வேகமானது. ஒரு தண்டர் டிராகனைக் கழித்தால் டெக்கிலிருந்து இன்னும் இரண்டு கைக்கு வரும், கிரேவ்யார்டில் லைட்டும் சேரும். அதோடு ஆடும்போது காத்திருக்கும் ஆட்டம் எடுபடாது, சுகுயோமி ஏற்பாட்டை சீக்கிரம் தொடங்குங்கள். மான்ஸ்டரால் தாக்காமல் கார்டுகளாலேயே லைஃப் பாயிண்ட்டைக் கரைக்கும் பர்ன் டெக்கை வேலூர் பக்கத்தில் நான் சந்தித்தது குறைவு, ஆனால் தயாராக இருங்கள். ஜஸ்ட் டெசர்ட்ஸ் என்ற ட்ராப் உங்கள் மேசையில் இருக்கும் ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் 500 அடிக்கும். நான்கு ஆடும் ஒரு மான்ஸ்டரும் நின்றால் 2500. பர்ன் என்று தெரிந்தால் ஸ்கேப்கோட்டை இரண்டாவது ஆட்டத்துக்கு வெளியே எடுத்துவிடுங்கள், உள்ளே மோபியஸ் வரட்டும்.

உறுத்திய மூன்று கார்டு இவைதான்: ஜின்ஸோ, மோபியஸ், ஏர்நைட். மூன்றையும் மெயின் டெக்கில் வைத்திருக்கிறீர்கள். ஆட்டை ட்ரிப்யூட்டுக்குக் கொடுக்க முடியாது என்பதால் மூன்று பெரிய மான்ஸ்டருக்குப் பலி கொடுக்க உங்களிடம் ஆளே இல்லை. இரண்டு ஆட்டத்திலும் கடைசியில் கையில் தங்கிப்போனவை இவைதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏர்நைட் மட்டும் இருக்கட்டும். அது லெவல் 5 என்பதால் அவசரத்துக்கு மெட்டமார்ஃபோசிஸ் வழியாக டார்க் பால்டர் ஆகவும் உதவும். எதிராளியின் ஏர்நைட்டை ஸ்னாட்ச் ஸ்டீலால் பிடுங்கி அடித்துவிட்டு, அதையே டார்க் பால்டர் ஆக்கிவிட்டால் அவருக்கு அது திரும்பிப் போகவே போகாது. ஜின்ஸோவின் இடத்தில் இரண்டாவது புக் ஆஃப் மூன், மோபியஸின் இடத்தில் ஒரு டஸ்ட் டொர்னேடோ. மோபியஸ் சைடு டெக்குக்கு, அதாவது ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் கார்டுகளுக்குள் போகட்டும். இரண்டு ஸ்கேப்கோட், இரண்டு மெட்டமார்ஃபோசிஸ் என்று வைத்திருப்பது சரி, அதைத் தொடாதீர்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். அடுத்த பத்து ஆட்டத்துக்கு ஒவ்வொரு டர்ன் முடிவிலும் உங்கள் கையில் எத்தனை, மேசையில் எத்தனை, அவருக்கு எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். ஆட்டு டோக்கனை எண்ண வேண்டாம். லைஃப் பாயிண்ட்டை எழுதவே வேண்டாம். எந்த டர்னில் உங்கள் எண் அவர் எண்ணைவிட முதல்முறை கீழே போனதோ, அந்த டர்னுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்த டர்னில் என்ன கார்டு போட்டீர்கள் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். காட்பாடியில் நண்பன் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு வெயில் தாழ்ந்த பிறகு நாங்கள் நாலைந்து பேர் உட்காருகிறோம். நோட்டையும் டெக்கையும் எடுத்துக்கொண்டு வந்தால், கோடு போட்ட டர்ன்களை அப்படியே மேசையில் பரப்பி மறுபடி ஆடிப் பார்க்கலாம். உங்கள் நண்பரையும் அழைத்து வாருங்கள், அவருடைய வாரியர் டெக்கோடு நானும் ஒரு கை ஆட வேண்டும்.